பேரன் கற்றுத் தந்த பாஷை

ராகலையில் ஞாயிறு காலை நான் தேநீர் ஊற்றும் நேரம், டொராண்டோவில் என் மகள் வீட்டில் சனி இரவு. அப்போதுதான் தொலைபேசியில் பேரனின் முகத்தைக் காண்பேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவன், "உம்மும்மா, நான் கூஃபியாம். சேர் சென்னார்" என்று சிரித்தான். கூஃபி என்றால் கோமாளி என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். "எங்கட புள்ளைய அப்படிச் செல்ல அவர் யாரு?" என்று மகளோடு சண்டைக்கே போய்விட்டேன்.

விஷயம் வேறு. அவன் ஸ்னோபோர்டிங் பழகப் போயிருக்கிறான். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனி மலையில் சறுக்கும் விளையாட்டு அது. இடது காலை முன்னே வைப்பவர் 'ரெகுலர்', வலது காலை முன்னே வைப்பவர் 'கூஃபி'. இரண்டிலும் குறையில்லை. பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அதை வைத்துக் கண்டுகொள்வார்களாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பழைய நினைவொன்றும் வந்தது. 1984இல் அக்குறணையிலிருந்து மணப்பெண்ணாக இங்கு வந்த புதிதில், கடையில் ஒரு தோட்டத்துப் பெண், "இன்னைக்கு அரைப்பேருதாம்மா, சாமானைக் கணக்குல போடுங்க" என்றாள். நானோ கொப்பியைத் திறந்து, "அரைப் பேர் வேண்டாம், முழுப் பேரையும் செல்லுங்க" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. கொழுந்து நிறை போதாமல் அரைநாள் சம்பளமே கிடைத்தது என்று அவள் சொன்னதை, பிறகு என் கணவர்தான் விளக்கினார். பெரட்டு, கவ்வாத்து என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் படித்த பின்புதான் அந்தப் பெண்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

ஆகவே பேரனிடமும் கொப்பியோடு உட்கார்ந்தேன். கால்களைப் பலகையில் பிணைப்பது 'பைண்டிங்'. குதிகால் பக்க விளிம்பு 'ஹீல் எட்ஜ்', விரல் பக்கம் 'டோ எட்ஜ்'. புதியவர்கள் பழகும் சிறு மேடு 'பன்னி ஹில்'. புதிதாய் விழுந்த மெத்தென்ற பனி 'பவுடர்'. பச்சை வட்டம் போட்ட பாதை இலேசானது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஒரே விளிம்பில் நின்று இடமும் வலமுமாக அசைந்து இறங்குவது 'ஃபாலிங் லீஃப்', அதாவது விழும் இலை. இலைகளுக்கு நடுவே வாழும் எனக்கு அது மட்டும் உடனே விளங்கியது.

இந்த விளையாட்டே ஒரு தகப்பனின் யோசனைதானாம். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பெண் பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாய்ப் பிணைத்துக் கொடுத்தார். 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் பேரன் தணிந்த குரலில், "உம்மும்மா, எட்ஜ் புடிச்சிட்டு. உம்மாட்ட செல்லாதீங்க" என்றான். பலகையின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்தினால் ஆளையே தூக்கி அடித்துவிடும் என்பதை அவனேதான் எனக்குச் சொல்லியிருந்தான். "கைய ஊண்டி விழுந்தீங்களா மகன்?" என்று கேட்டேன். அவன் பேசவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் வெடிப்பு.

பழகுபவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் அதிகம் வருமாம். விழும்போது விரல்களை மடக்கி, முன்கையில் விழ வேண்டும். மணிக்கட்டுக் கவசமும் அணிய வேண்டும். இப்போது அவன் கவசமில்லாமல் போவதில்லை.

இரண்டு வாரம் என்னோடு கோபமாக இருந்தான். மூன்றாவது ஞாயிறு அவனே அழைத்து, "உம்மும்மா, அரைப்பேரு என்டா என்ன?" என்று கேட்டான். அவனுடைய உம்மா சொல்லியிருக்கிறாள். சகோதரிகளே, அன்று நாங்கள் ஒரு மணித்தியாலம் பேசினோம். என் சொற்களை எழுதிக்கொள்ள அவனும் ஒரு கொப்பி வைத்திருக்கிறான்.