மணலோடு வந்தது

போன வருடம் எங்கள் சமையலறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டினோம். மகாவலி ஆற்று மணல் இரண்டு கியூப் லொறியில் வந்தது. மிஞ்சியது மதிலோரம் கிடந்தது. மழை விழுந்ததும் அதில் ஒரு செடி முளைத்தது. தொட்டால் இலை சுருங்கியது. "வாப்பா, தொட்டாச்சிணுங்கி!" மகளுக்குப் பெரிய சந்தோஷம். வழக்கமானது தரையோடு படரும். இதுவோ சில மாதத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. நானும் விட்டுவிட்டேன். தரம் 7க்குத் தாவர அசைவுகள் படிப்பிக்கும்போது ஒரு கொப்பை வெட்டி வகுப்புக்கே கொண்டுபோனேன். பிள்ளைகள் முண்டியடித்துத் தொட்டார்கள். நல்ல வாத்தியார் என்று எனக்கே ஒரு பெருமை!

பெயரைத் தேடியது பிறகுதான். சிங்களத்தில் யோத நிதிகும்பா, அதாவது இராட்சதத் தொட்டாச்சிணுங்கி. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. இலங்கையில் முதலில் கண்டுபிடித்தது 1997இல், நம் கண்டிப் பக்கத்து மகாவலிக் கரையில்தான். ஆளுயரத்தையும் தாண்டி முட்புதராக அடைத்துக்கொள்ளும். அதற்குள் மற்றச் செடிகளுக்கு வெயில் கிடைக்காது. வேரால் கரையைப் பிடித்து நிற்பது மருதமரம் (கும்புக் என்றால்தான் நம்மாட்களுக்கு விளங்கும்). அதன் கன்று இந்தப் புதருக்குள் எப்படி எழும்பும்? வீட்டுக்கும் கடைக்கும் கரைமரங்களை வெட்டி வெளியாக்கிய இடம் இதற்கு இன்னும் வசதி.

காய் துண்டு துண்டாக உடையும். துண்டுக்கு ஒரு விதை, மேலெல்லாம் சுணை. தண்ணீரில் மிதந்து போகும், மணலுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கட்டட வேலைக்கு மணல் அள்ளும்போது விதையும் லொறி ஏறுகிறது. ஆறு போகாத ஊருக்கும் அது இப்படித்தான் போகிறது. அவுஸ்திரேலியாவின் டார்வினில் 19ஆம் நூற்றாண்டில் தாவரவியல் பூங்கா வழியாக வந்த செடி, பிறகு வடக்கே ஏறத்தாழ 80,000 ஹெக்டயர் சதுப்பு நிலத்தைப் பிடித்தது.

இதை வாசித்த இரவே டோர்ச் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். பாதிக் காய்கள் ஏற்கனவே உதிர்ந்திருந்தன. எங்கள் வளவுக் கான் ஓடைக்குப் போகிறது, ஓடை ஹுலு கங்கைக்கு, அது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு.

வேரோடு பிடுங்கி எரித்தோம். அடுத்த நாள் தரம் 7 பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். "சேர், அப்ப நீங்கதானே கொண்டு வந்தது?" என்று ஒருவன் கேட்டான். ஓம் என்றேன். இப்போது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நானும் மகளும் கானோரம் நடக்கிறோம். இதுவரை ஏழு கன்று பிடுங்கியாயிற்று.

உங்கள் வீட்டு மணல் குவியலையும் ஒருக்கா பாருங்கள். சந்தேகம் என்றால் போட்டோ அனுப்புங்கள்.