பிரசோசின் என்ற ஒற்றை வரி

200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 63 விநாடி. சரியாக எழுதினால் 4 மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த 19 பாடங்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்பார்கள். 2024 முதல் வினாத்தாளை 42 நிமிடப் பகுதிகளாக ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பகுதிக்கான நேரம் தீர்ந்தால் மறுபடி அங்கே போக முடியாது. மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுக்குத் தயாராவது என்றால், இந்த 63 விநாடிக்கு மூளையைப் பழக்குவதுதான்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே நான் இதற்குப் படித்தேன். காலையில் புறநோயாளிகள், மதியம் துணை சுகாதார நிலையங்கள், இரவில் வீடியோ வகுப்பு, நோட்ஸ், கேள்வி வங்கி, ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் டெஸ்ட். எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள். படிக்கப் படிக்க மருத்துவம் முழுவதும் ஒற்றை வரிகளாகச் சுருங்கிக்கொண்டே வரும். தேள்கடியா, பிரசோசின். அடுத்த கேள்வி.

அந்த ஒற்றை வரியில் மட்டும் நான் ஒருநாள் நின்றுவிட்டேன். எங்கள் நிலையத்துக்குத் தேள் கொட்டி வரும் குழந்தைகள் உண்டு என்பதால், இந்த மருந்து எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில், மகாட் அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1970களில் வேலை பார்த்தவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். செந்தேள் கொட்டியவர்கள் வியர்த்து, கைகால் சில்லிட்டு, நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இரவெல்லாம் குறித்துவைத்தார். புனேயில் எம்.டி. முடித்தவர் மறுபடி கொங்கணுக்கே வந்தார். இரத்த அழுத்தத்துக்குத் தரும் மலிவான மாத்திரையான பிரசோசின், அந்த விஷம் உடலில் கிளப்பிவிடும் புயலை அடக்குகிறது என்று கண்டு, 1980களில் 'லான்செட்' இதழில் எழுதினார். கடுமையாகக் கொட்டுப்பட்டு வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அது ஓரிருவராகக் குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள்.

என்னைப் போலவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஒரு மருத்துவர் கண்விழித்துக் கண்டுபிடித்ததைத்தான் நான் 63 விநாடிக்குள் கடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் நோட்ஸைப் புரட்டும் விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கட்டிலும் ஒரு நோயாளியும் இருப்பது தெரிய ஆரம்பித்தது. தெரிந்தால் மறக்காது என்பது தேர்வுக்கும் உதவியது. ஆனால் அது எனக்குப் பிரதானமாகப் படவில்லை.

ஒரு விடியற்காலை நாற்பது வயதுக்காரர் ஒருவரை டி.வி.எஸ். வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். "வயித்து வலின்னு எழுந்தாருங்க டாக்டரம்மா. சோடா குடுத்தேன், கேக்கல. இப்ப கண்ணு சொருகுது, தொறக்கவே முடியலேங்கறாரு" என்றார் மனைவி. ராத்திரி எங்கே படுத்திருந்தார் என்று கேட்டேன். "கொட்டாயில, தரையிலதாங்க."

கேள்வி வங்கியில் இந்தக் கேள்வி இருக்கிறது. தரையில் தூங்கிய விவசாயி, அதிகாலை வயிற்று வலி, இமை தொங்குகிறது, உடம்பில் கடிவாய் இல்லை. விடை, கட்டுவிரியன். அதன் பல் பட்டது பல நேரம் தூக்கத்தில் தெரியாது, வீக்கமும் இருக்காது. கண்ணாடி விரியன் கடிபோல இரத்தம் உறையாமல் போவதில்லை என்பதால் இருபது நிமிட உறைதல் சோதனையும் எல்லாம் சரி என்றே காட்டும். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டு, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே 108 வண்டியில் செவிலியரோடு நானும் ஏறினேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வென்டிலேட்டரில் வைத்தார்கள். பிழைத்துத் திரும்பிவந்து, ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியை எழுதியவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தேர்வே மோசம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நல்ல கேள்வி ஒன்று உயிரைக் காப்பாற்றும். என் வருத்தம் வேறு. எம்.பி.பி.எஸ். முடிவில் கட்டிலோரம் நின்று கற்க வேண்டிய பயிற்சி ஆண்டை இந்தத் தயாரிப்பு விழுங்கிவிடுகிறது.

நான் இன்று பொது மருத்துவத்தில் பி.ஜி. பயிற்சி ஆண்டில் எங்கள் வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இரத்தம் எடுத்து முடித்ததும் கைபேசியில் கேள்வி வங்கியைத் திறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வில் தவறினால் இன்னொரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த வருடத்துக்கும் உறுதி கிடையாது. 2024இல் ஜூன் 23 தேர்வை முந்தைய நாள் இரவு தள்ளிவைத்தார்கள், பலரும் வெளியூர் மையங்களுக்கு ரயிலேறிப் போய்ச் சேர்ந்த பிறகு. ஆகஸ்ட் 11இல்தான் எழுத முடிந்தது. இந்தப் பதற்றத்தில் இருக்கும் பிள்ளையிடம், பத்தாம் கட்டில் தாத்தாவின் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேள் என்று எப்படிச் சொல்வது? சொல்லத்தான் செய்கிறேன்.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பின் மாநில இடங்களில் ஒதுக்கீடு தரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்தியது நம் மாநிலத்து மருத்துவ அலுவலர்கள் சங்கம். என்னைப் போன்றவர்கள் மேலே படிக்க வந்தது அந்த வாசல் வழியாகத்தான். கிராமத்தில் சில வருடம் இருந்துவிட்டு வருகிறவர்கள் வார்டுக்குள் நுழையும்போதே நோயாளியைப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். அந்த வாசலை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது.

நெக்ஸ்ட் என்ற பெயரில் புதிய தேர்வு ஒன்றை 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் முன்வைத்தது. 2023இல் அது ஒத்திவைக்கப்பட்டது. இறுதியாண்டுத் தேர்வையே மேற்படிப்புக்கும் கணக்கில் எடுப்பது அதன் ஏற்பாடு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் உரிமை உட்பட அதில் எனக்குக் கேள்விகள் நிறைய உண்டு. ஆனால் பயிற்சி ஆண்டு தொடங்கும் முன்பே மேற்படிப்புத் தேர்வை முடித்துவிடலாம் என்ற ஒன்றை மட்டும், எந்தப் பெயரில் யார் கொண்டுவந்தாலும், நான் ஆதரிப்பேன்.

இப்போதைக்கு எங்கள் யூனிட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய மாதம் ஹவுஸ் சர்ஜன்களின் இரவு வேலைகளை பி.ஜி.க்கள் நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம். மற்ற மாதங்களில் வார்டில் கைபேசி பைக்குள் இருக்க வேண்டும், அன்று வந்த நோயாளியின் நோயை அன்றிரவே படித்துவிட்டு, காலையில் ரவுண்ட்ஸில் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.