முட்டுக்கட்டை

நடக்கிற காரியத்தைக் கெடுப்பவனை முட்டுக்கட்டை என்கிறோம். தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் சிலர்தான். சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. இழுப்பதைவிட நிறுத்துவதுதான் எப்போதும் பெரும்பாடு.

செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசலுக்கும் அந்தப் பாடு வந்தது. பிறையில் ஃபேக்டரி வேலை போனபிறகு, கையில் கிடைத்த பணத்தில் மாமா ஒரு பழைய உணவு டிரெய்லர் வாங்கினார். பாசார் மாலாமில் தோசைக்கடை போடுவது திட்டம். இழுக்கப்போவது அவருடைய பழைய கார்.

"1.6 எஞ்சின் தம்பி. காடி சும்மா இழுத்துரும்லா."

"இழுத்துரும் மாமா. நிக்குமா?"

டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. அப்படிப்பட்டதை 500 கிலோ வரைதான் இழுக்கலாம் என்கிறது கார் புத்தகம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 640 கிலோ. அத்தனையையும் காரின் நாலு பிரேக்தான் பிடித்து நிறுத்தவேண்டும். வேகம் 60லிருந்து 90 ஆனால், நிறுத்தவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

அதைவிட மோசமானது எடை உட்கார்ந்திருந்த இடம். 100 லிட்டர் தண்ணீர் டேங்கும் இரண்டு கேஸ் தோம்பும் அச்சுக்குப் பின்னால் இருந்தன. கொக்கியைக் கழற்றியதும் டிரெய்லரின் மூக்கு தானாக மேலே எழும்பியது. காரின் பின்சக்கரங்களையும் அது அப்படித்தான் தூக்கும். இழுவண்டியின் மூக்கு காரை லேசாக அழுத்தவேண்டும். மொத்த எடையில் ஏழு விழுக்காடு அளவுக்காவது. இல்லாவிட்டால் பெரிய லோரி ஒன்று முந்திப்போகும் காற்றிலேயே வால் ஆட ஆரம்பிக்கும். பின்னால் கனம் கூடக்கூட அந்த ஆட்டம் அடங்காமல் வளரும்.

"தண்ணியும் கேஸும் இல்லாம எப்படிடா தோசை சுடுறது? நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்ட போடுறியே" என்றார். கோபம் நியாயமானது. ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவரிடம் கிலோக் கணக்கு பேசினால் அவநம்பிக்கை மாதிரித்தான் கேட்கும்.

அத்தை குளியலறை எடைமெஷினைக் கொண்டுவந்தார். டேங்கைக் காலி செய்து, தோம்புகளை இறக்கி, மூக்கை அதன்மேல் வைத்தோம். 35 கிலோ காட்டியது. மொத்தம் 480. மாமா குனிந்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் கடைக்குப் போன் போட்டு, சந்தைக்கே கொண்டுவந்து இறக்க முடியுமா என்று கேட்டார்.

தண்ணீரை இப்போது அங்கேயே பிடிக்கிறார். அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பவேண்டியிருக்கிறது. ஹைவே வேண்டாம், ஊருக்குள் 50க்கு மேல் வேண்டாம் என்பது அத்தையின் சட்டம். என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன்: வால் ஆடினால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவேண்டாம், பிரேக்கை ஓங்கி மிதிக்கவேண்டாம், எண்ணெயையும் கூட்டவேண்டாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும். வேகம் குறையும்போது ஆட்டமும் அடங்கும். அந்தச் சில வினாடிகள் பதறாமல் இருப்பதுதான் கஷ்டம்.