உப்பளத்துப் பெண்களும் தண்ணீரும்

வெயிலில் வேலை செய்பவர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். தூத்துக்குடி உப்பளங்களில் பல பெண்கள் தாகம் எடுத்தாலும் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தியும் வரப்பும்தான். குடித்தால் மணிக்கணக்கில் அடக்க வேண்டுமே என்ற பயத்தில் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு உப்பு வாருகிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் என்று அவதிப்படுகிறார்கள். இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கடும் வெயிலில் உழைப்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தால் உப்பும் சேர்ந்தே வெளியேறும். அதனால் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் இடையிடையே வேண்டும். (ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) புதிதாக வந்தவர்களை முதல் வாரமே முழுநேரமும் வெயிலில் நிறுத்தாதீர்கள், உடம்பு பழக 1–2 வாரம் ஆகும்.

யாராவது பிதற்றினாலோ தடுமாறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் ஊற்றவே கூடாது.

உப்பள முதலாளிகளே, பாத்திக்குப் பக்கத்திலேயே ஒரு கழிப்பறையும் நிழலுக்கு ஒரு கொட்டகையும் போட்டுக் கொடுங்கள். அடுத்த கோடைக்குள் செய்யுங்கள்.