உம்மாவின் கஞ்சிச் சட்டி

உம்மா மௌத்தான பிறகு வட்டகொடை வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது ஒரேயொரு மண்சட்டியைத்தான். வாப்பா தலவாக்கலையில் வாங்கியது. விளிம்பு ஓரிடத்தில் சற்றே கோணி, ஒரு பக்கம் கறுத்திருக்கும். முப்பது நோன்பும் கஞ்சி அதில்தான். மஃரிப் தொழுதுவிட்டு வந்தாலும், அந்தக் குளிரிலும் கஞ்சி ஆறாதிருக்கும் என்பது உம்மாவின் பெருமை. வனைந்தவர் யாரென்று நாங்கள் கேட்டதேயில்லை.

யப்பானிய அறிஞர் யனகி சோயெட்சுவை வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. 1925இல், குயவர்களான ஹமடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோருடன் சேர்ந்து ‘மிங்கெய்’ என்ற சொல்லை அவர் ஆக்கினார். சாமானியரின் கைவினை என்பது பொருள். பெயரறியாத கைவினைஞன் அன்றாடப் பாவனைக்காக மலிவாகச் செய்தவற்றில்தான் மெய்யழகு உண்டென்றார். 1936இல் டோக்கியோவில் அதற்கென நூதனசாலையும் திறந்தார். (கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞர் பற்றிய பெருநூலை 1908இலேயே வெளியிட்டுவிட்டார்.)

கியோட்டோவின் மடமொன்றில் கிசாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணத்தை யனகி 1931இல் பார்த்தார். பெட்டிக்குள் பெட்டியாகப் பொதிந்து வைத்திருந்தார்கள். கொரியாவின் ஏழைகள் சோறுண்ட கிண்ணம் அது என்பது அவர் முடிவு. தேநீர் ஆசான்கள் கைக்கு வந்து, இன்று யப்பானின் தேசியப் பொக்கிஷம். கிசாயெமோன் என்பது அதை வைத்திருந்த வணிகரின் பெயர். வனைந்தவனுக்குப் பெயரில்லை.

எங்களூர்க்காரருக்கு இது புதிதல்ல. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் இருந்ததில்லை.

இங்கேதான் யனகியோடு என் மனம் ஒப்பவில்லை. ஹமடா இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின் தன் பாண்டங்களில் முத்திரையிடுவதை விட்டார். நல்ல மனம்தான். ஆனால் பாண்டம் வைக்கும் மரப்பெட்டியில் அவரது ஒப்பம் இருந்தது. 1955இல் அரசும் அவரை ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆக்கியது. பெயருள்ளவர் அதைத் துறக்கலாம். எங்கள் சட்டியைச் செய்தவர் எதைத் துறந்தார்? அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டியைக் கண்ணாடி அலுமாரியில் வைப்போம் என்றாள் மனைவி. வேண்டாம், அடுப்பில் ஏற்று என்றேன்.

போன மாதம் தலவாக்கலைக்குப் போய், சட்டி விற்கும் கடையில் விசாரித்தேன்.

“இதெல்லாம் எங்கே செய்றாங்க?”

“லொறியில வருது” என்றார் கடைக்காரர்.

லொறி எந்த நாளில் வரும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.