புளியங்கொட்டை முடிச்சு

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள் அல்லவா? அப்போது என் மகன் இரண்டாம் வகுப்பு. மகளுக்கு மூன்று வயது. ஒடுகத்தூரில் எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே செல்போன். ஊரடங்கு தளர்ந்ததும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் என் கணவரோடு அதுவும் காலையிலேயே கிளம்பிவிடும். பத்தாவது வரை படித்த நான்தான் டீச்சர்!

நல்ல டீச்சராக இருந்தேனா? இல்லை. 32-இல் 17 போனால் எவ்வளவு என்றால், என் மகன் 25 என்று எழுதுவான். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவான். "பக்கத்துல கடன் வாங்குடா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் பொறுமை போய்ப் பளீரென்று அறைந்துவிட்டேன். அதன் பிறகு நோட்டை எடுத்தாலே, "வயித்த வலிக்குதும்மா" என்று பாயில் சுருண்டுகொள்வான்.

என் மாமியார் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். சந்தையில் காய் விற்றவர். "பச்சப் புள்ளைய இன்னாத்துக்கும்மா அடிக்கிற? கையில குடுத்தாதானே தெரியும்" என்றார். பழைய புடவையைக் கிழித்து, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக முடிந்தார். மூன்று முடிச்சு, இரண்டு உதிரி.

"இதுல பதினேழு எனக்குக் குடுடா கண்ணு."

ஒரு முடிச்சைக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும், உதிரியோ இரண்டுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். அத்தை கையைக் காட்டித் தடுத்துவிட்டார். பிறகு அவனாகவே இன்னொரு முடிச்சை அவிழ்த்து, ஏழு எண்ணிக் கொடுத்தான்.

"பதினஞ்சும்மா! யார்கிட்டயும் கடன் வாங்கல. நம்ம முடிச்சைத்தான் அவுத்தேன்" என்றானே பார்க்கலாம்!

எனக்கே அன்றுதான் அந்தக் கணக்கு புரிந்தது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் பத்து மணிகளைக் கோத்த கம்பிதான் 'பத்து'. சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவித்தான் குழந்தை எழுதப் பழகும். இதைப் பிற்பாடு படித்தபோது, அத்தையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த கழிவுத் தோலில் அ, ஆ வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். மகள் அதைத் தடவித் தடவியே எழுத்துக் கற்றாள்.

சகோதரிகளே, அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். தினமும் அரைமணி நேரம் போதும். முதலில் பொருள், பிறகுதான் நோட்டு. குழந்தை யோசிக்கும்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். சின்னக் குழந்தைகள் கொட்டையை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் எண்ணி டப்பாவில் மூடி வையுங்கள்.

2021 நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது, என் மகன் வயிற்று வலி இல்லாமல் போனான்.

பிறகு ஒரு நாள் தங்கைக்கும் அதே கழித்தல் கணக்கு வந்தது. அவள் விழித்தாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அண்ணன்காரன் பரணிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டான்.

"அம்மா, நீ ஒண்ணும் சொல்லாதே. அவளே அவுக்கட்டும்" என்றான்.

நான் அடித்ததை மறந்துவிட்டதாகத்தான் சொல்கிறான். நான் மறக்கவில்லை.