ஒற்றைச் செருப்பும் ஒரு கால்பந்தாட்டமும்

எங்கள் மாமியார் எதற்கும் பயப்படுகிறவர் அல்ல. ஆனால் வீட்டில் யாராவது "கல்கத்தாவுக்கு மேட்ச் பார்க்கப் போகலாமா?" என்று ஆரம்பித்தால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவார்.

காரணம் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. பார்வையாளர் பகுதியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். அந்தக் கூட்டத்தில் என் மாமனாரும் இருந்தார், எட்டு வயது மகனோடு. மகன் என்றால் என் கணவர்தான். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எப்படியோ வெளியே வந்துவிட்டார். ஜாம்ஷெட்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்ததாம். அதன் பிறகு அவர் மைதானம் பக்கமே போகவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இப்போது என் பையனுக்குப் பதிமூன்று வயது. சுவரெல்லாம் ஈஸ்ட் பெங்கால் படம். 2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, டூரண்டு கோப்பைக் கால் இறுதியில் இதே இரண்டு அணிகள் மோதுகின்றன என்றதும் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. இவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். மாமியார் மௌனம். "நீயும் கூடப் போ" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடியற்காலை ஸ்டீல் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், பிளாஸ்கில் காப்பி. சுமார் 250 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பயணம். பொரிக்காரர் கடுகெண்ணெய் வாசனையோடு ஜால்முரி கலந்து கொடுத்தார். நான் கட்டிய இட்லியைத் தொடாமல் அப்பாவும் பிள்ளையும் அதையே இரண்டு பொட்டலம் காலி செய்தார்கள்!

லேக் மார்க்கெட் பக்கம் இவருடைய சித்தி வீட்டில் தங்கினோம். நம்மவர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் இடம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு நிமிடம் மயிலாப்பூரோ என்றிருக்கும். அடுத்த கடையிலேயே மீன்காரர் பெரிய அரிவாள்மணையில் உட்கார்ந்து வங்காளியில் பேரம் பேசுவார்.

அந்த மீன் கடையிலும் கால்பந்துதான். ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு இலிஷ் மீன், மோகன் பகான்காரர்களுக்கு இறால். ஜெயித்த கட்சியின் மீன் அன்றைக்கு விலை ஏறிவிடும் என்பார்கள். கேலிப்பேச்சு மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு சோகம் உண்டு. மோகன் பகான் 1889-ல் பிறந்தது. 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை வென்று கேடயம் வாங்கிய பெருமை அதற்கு. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தோன்றியது. பிரிவினையின்போது கிழக்கு வங்கத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, அந்தப் பெயரில் ஊரின் பெயராவது மிஞ்சியிருந்தது. வெறும் பந்து விளையாட்டு என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்!

ஆட்டம் சால்ட் லேக் மைதானத்தில். 1984-ல் திறந்தது. 1997-ல் இதே இரு அணிகளின் ஆட்டத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் வந்ததாம். இப்போது தனித்தனி நாற்காலி போட்டு இடத்தைக் குறைத்துவிட்டார்கள். இந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஞாயிறு மாலை கிளப்பும்போது, பையனின் சட்டைப்பையில் சித்தி வீட்டு விலாசமும் இரண்டு போன் நம்பரும் எழுதிய சீட்டு வைத்தேன். காலில் இறுக்கமாக வார் போட்ட செருப்பு. பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் முண்டியடிக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து வரச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றான் பையன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம் வெளுத்திருந்தது.

கொடி கட்டிய லாரிகள் தெருவில் கூச்சலோடு போய்க்கொண்டிருந்தன. கீழ்வீட்டு அம்மாளின் கணவர் பச்சையும் அரக்குமாகச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். எதிர்க்கட்சி! ஆனாலும் அந்த அம்மாள் தேநீரோடு மேலே வந்துவிட்டாள். "தீதி, தனியா உட்கார்ந்து டிவி பார்க்க என்னால முடியாது" என்றாள், வங்காளியில். இருவரும் பந்தைப் பார்க்கவில்லை. காமிரா கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அவரவர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கோல் விவரமெல்லாம் என் பையனைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வான். வெளியே பட்டாசு. மணி பத்தைத் தாண்டியும் ஆளைக் காணோம். போனும் கிடைக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். அப்போதும் அந்த அம்மாள் என்னை விட்டு இறங்கவில்லை.

பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. இருவரும் குரல் கட்டி, வியர்வையில் நனைந்து வந்து நின்றார்கள்.

"அப்பா பத்து நிமிஷம் இல்லைம்மா, முக்கால் மணி நேரம் உட்கார வச்சுட்டார்! மைதானமே காலியாயிடுச்சு. அப்பத்தான் தாத்தா கதையெல்லாம் சொன்னார். தாத்தா அன்னிக்கு வழியெல்லாம் அழுதாராம்மா."

இத்தனை வருஷத்தில் எனக்கே சொல்லாத கதை. இவர் கைகால் கழுவப் போய்விட்டார்.

மாமியாருக்குப் போன் போட்டான் பையன். யார் ஜெயித்தது, எத்தனை கோல் என்று அவர் எதுவுமே கேட்கவில்லை.

"உங்கப்பன் காலைப் பாரு. செருப்பு ரெண்டும் இருக்கா?"

பையன் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டும் இருக்கு, பாட்டி."